லைப்ரரி 464 என்றது, நாங்கள் 432 என்றோம்: ஒரு டைப் மோதலின் நிகழ்வு ஆய்வு

ஸ்கேன் செய்த ஜேபெக் படத்தைத் திறக்கச் சொன்னால் நிரல் அப்படியே மறைந்துவிடும். "வேலை செய்வதை நிறுத்திவிட்டது" என்று விண்டோஸ் காட்டும் பெட்டி வராது. பிழைச் செய்தி வராது. ஜன்னல் இருந்த இடத்தில் டெஸ்க்டாப் தெரியும், அவ்வளவுதான். பிழை தேடும் கருவியான டீபக்கரை மாட்டிப் பார்த்தால், நிரல் 1 என்ற எண்ணைத் திருப்பிவிட்டு முறையாகவே முடிந்ததாகச் சொன்னது. இதே மூலநிரல் லினக்ஸில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது, மேக்கிலும் எந்தப் புகாரும் இல்லை.

நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஆவணங்களை ஸ்கேன் செய்து, ஒழுங்குபடுத்தி, சேமித்து வைக்கும் ஒரு சிறிய லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு. படங்களைப் பிரித்துப் படிக்க லிப்ஜேபெக் என்ற சி லைப்ரரியின் 6பி பதிப்பு. ஸ்கேனரோடு பேச ட்வெயின் என்ற பொது இடைமுகம். எங்களுக்குக் கிடைத்த ஸ்கேனர் டிரைவர்கள் 32 பிட்டில் இருந்ததால் விண்டோஸ் பதிப்பையும் 32 பிட்டில்தான் கட்ட வேண்டியிருந்தது. லிப்ஜேபெக்கை மின்ஜிடபிள்யூ என்ற கம்பைலர் தொகுப்பில், கணினிக்கேற்ப அமைப்புகளைத் தீர்மானிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டி, டிஎல்எல்லாக (ஓடும் நேரத்தில் நிரலோடு சேரும் லைப்ரரிக் கோப்பாக) எடுத்தோம். எங்கள் சொந்தப் பகுதியை மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி-யில் கம்பைல் செய்தோம். ஆக, லைப்ரரியின் தரவு வகைகளையும் (டைப்) செயற்கூறுகளையும் (ஃபங்ஷன்) அறிவிக்கும் ஒரே ஹெடர் கோப்பை இரண்டு கம்பைலர்கள் தனித்தனியாகப் படித்தன. கோளாறு முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு நாள் ஆனது.

ஒரே எண்ணில் வந்த இரண்டு பிழைகள்

மறையும் சிக்கலுக்கு முந்தைய வாரமே கம்பைலர் எங்களை எச்சரித்திருந்தது. ஸ்கேனர் பகுதிக்கு விண்டோஸ்.எச் தேவை, படப் பகுதிக்கு ஜேபெக்லிப்.எச் தேவை. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தவுடன் சி2371 என்ற எண்ணில் இரண்டு பிழைகள் வந்தன. ஒன்று இன்ட்32 என்ற பெயருக்கு, இன்னொன்று உண்மை, பொய் சொல்லும் பூலியன் என்ற பெயருக்கு. இரண்டிலும் ஒரே வாசகம்: மறுவரையறை, அடிப்படை டைப்கள் வேறு.

முதலில் இன்ட்32. லிப்ஜேபெக்கோடு வரும் ஜேமோர்சிஎஃப்ஜி.எச் என்ற கோப்பில் "டைப்டெஃப் லாங் இன்ட்32" என்று இருக்கிறது, அதாவது லாங் என்ற டைப்புக்கு இன்ட்32 என்று இன்னொரு பெயர். விண்டோஸின் பேஸ்டிஎஸ்டி.எச் அதே பெயரை "சைன்டு இன்ட்" என்று வரையறுக்கிறது. விண்டோஸில் லாங்கும் 4 பைட்தான், இன்ட்டும் 4 பைட்தான். ஆனால் சி மொழியின் கணக்கில் அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே டைப் ஆகிவிடாது. ஒரே டைப்புக்கு ஒரே பெயரை இரண்டு தடவை டைப்டெஃப் செய்வதை சி மொழியின் 2011 தரமான சி11 அனுமதிக்கிறது, சி++ எப்போதுமே அனுமதித்திருக்கிறது. ஒரு தடவை லாங், இன்னொரு தடவை இன்ட் என்றால் எந்தப் பதிப்பும் ஏற்காது.

லிப்ஜேபெக்கின் அந்த வரிக்கு மேலே ஒரு காவல் இருக்கிறது: எக்ஸ்எம்டி_எச் என்ற மேக்ரோ (கம்பைலுக்கு முன்பே விரிக்கப்படும் பெயர்) ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்தால் இன்ட்32-ஐ விட்டுவிடு. யூனிக்ஸின் எக்ஸ்11 ஜன்னல் முறையில் எக்ஸ்எம்டி.எச் என்றொரு ஹெடர் உண்டு, அதுவும் இன்ட்32-ஐ வரையறுக்கும், அதற்காக வைத்த காவல். நாங்கள் விண்டோஸில் இருந்துகொண்டு எக்ஸ்எம்டி_எச்-ஐ வரையறுத்தோம். இல்லாத எக்ஸ்11 இருப்பதாகச் சொன்னதும் லிப்ஜேபெக் ஒதுங்கிக்கொண்டது. முதல் பிழை போனது.

அடுத்து பூலியன். லிப்ஜேபெக் அதை இன்ட் என்கிறது. விண்டோஸின் ஆர்பிசிஎன்டிஆர்.எச் அதை 1 பைட் அளவுள்ள அன்சைன்டு கேர் என்கிறது. இதற்கும் ஒரு காவல் உண்டு, பெயர் ஹேவ்_பூலியன். ஜேமோர்சிஎஃப்ஜி.எச்-இல் அதற்கு மேல் எழுதியிருக்கும் குறிப்பே வழிகாட்டுகிறது: உங்கள் நிரலின் ஹெடர்களோடு மோதல் வந்தால், ஜேபெக்லிப்.எச்-ஐச் சேர்ப்பதற்கு முன் ஹேவ்_பூலியனை வரையறுத்துக்கொள்ளுங்கள், வேலை செய்ய வேண்டும். அதை அப்படியே செய்தோம். இரண்டாவது பிழையும் போனது. கம்பைல் ஆனது, லிங்க் ஆனது, முகப்பு திறந்தது. வெள்ளிக்கிழமை மாலை. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம்.

ஒரு வரிச் செய்தி

திங்கட்கிழமை ஜன்னல் மறையத் தொடங்கியது. லிப்ஜேபெக்கின் பிழை கையாளும் முறையைப் படித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அந்த லைப்ரரிக்குள் மீள முடியாத பிழை வந்தால், இயல்பாக அமைந்த எரர்_எக்ஸிட் செயற்கூறு செய்தியைப் பிழை வெளியீட்டில் அச்சிட்டுவிட்டு நிரலை முடிக்கும் எக்ஸிட்டை அழைக்கும். கட்டளைவரி நிரலுக்கு அது பொருத்தம். ஜன்னல் நிரலுக்குப் பின்னால் கன்சோல் இல்லாததால் செய்தி காற்றில் கரைந்துபோகும், நிரல் மட்டும் முடிந்துவிடும். நாங்கள் அந்த இயல்பான கையாளியை மாற்றாமலே விட்டிருந்தோம்.

நாலாவது நாள், பிழை வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு நிரலைக் கட்டளைவரியிலிருந்து ஓட்டினோம். கோப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. அதன் பொருள்: ஜேபெக் அளபுருக் கட்டமைப்பு பொருந்தவில்லை; லைப்ரரியின் கணக்கில் அளவு 464, அழைப்பவர் எதிர்பார்ப்பது 432. கட்டமைப்பு என்றால் பல புலங்களை நினைவகத்தில் வரிசையாக வைக்கும் தொகுப்பு, அதன் அளவு பைட்டில்.

அந்த வரியை எழுதிவைத்தவர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். லிப்ஜேபெக்கில் ஜேபெக்_கிரியேட்_டீகம்ப்ரஸ் என்பது செயற்கூறு அல்ல, மேக்ரோ. அது அழைப்பவரின் கம்பைலரில் விரிந்து, அங்கேயே அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டு, கட்டமைப்பின் அளவையும் பதிப்பு எண்ணையும் லைப்ரரிக்குச் சேர்த்து அனுப்புகிறது. 6பி-க்கு அந்தப் பதிப்பு எண் 62. லைப்ரரி தன் பக்கம் கம்பைல் ஆனபோது கிடைத்த அளவோடு அதை ஒப்பிடுகிறது. இருவரும் ஒரே ஹெடரைத்தான் படித்தோம், ஆனால் ஒரே பொருளில் படித்தோமா என்பதை ஓடும் நேரத்தில் சரிபார்க்கும் சோதனை இது. பெரும்பாலான சி லைப்ரரிகளில் இப்படி ஒன்று கிடையாது.

32 பைட் எங்கே போனது

ஒரு தாளில் கட்டமைப்பை வரிசையாக எழுதிக் கூட்டினோம். ஜேபெக்_டீகம்ப்ரஸ்_ஸ்ட்ரக்ட் என்ற அந்தக் கட்டமைப்பில் பூலியன் புலங்கள் 15. ஒவ்வொன்றும் 4 பைட்டிலிருந்து 1 பைட்டுக்குச் சுருங்கினால் 45 பைட் குறைய வேண்டும். ஆனால் அடுத்து வரும் இன்ட்டும், நினைவக முகவரியான பாயிண்டரும் 4-ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்கும் என்பதால் கம்பைலர் இடையிடையே வெற்றுப் பைட்டுகளை நிரப்புகிறது. கடைசிப் புலம் 428-இல் முடிகிறது. உள்ளே டபுள் என்ற 8 பைட் எண் ஒன்று இருப்பதால் மொத்த அளவு 8-ஆல் வகுபட வேண்டும், ஆகவே 432. சேமித்த 45-இல் 13 பைட் நிரப்பலாகத் திரும்பி வந்துவிட்டது. மிச்சம் 32. தாளில் 464-உம் 432-உம் சரியாக விழுந்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மின்ஜிடபிள்யூவில் டிஎல்எல் கட்டியபோது கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் உருவாக்கிய ஜேகான்ஃபிக்.எச்-இல் பூலியனைப் பற்றிய பேச்சே இல்லை. அதனால் இன்ட், அதனால் 464. எங்கள் பக்கம் ஹேவ்_பூலியனை வரையறுத்து லிப்ஜேபெக்கின் வாயை அடைத்தோம், விண்டோஸின் பூலியன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதனால் அன்சைன்டு கேர், அதனால் 432. ஹெடரின் குறிப்பு சொன்னது பொய்யில்லை. லைப்ரரியைக் கட்டியவரும் அதே பூலியனை எடுத்திருந்தால் அது வேலை செய்யும். குறிப்பில் இல்லாத அந்த நிபந்தனையை நாங்களும் யோசிக்கவில்லை.

லிப்ஜேபெக்கோடு விஷுவல் சி-க்கென்றே ஜேகான்ஃபிக்.விசி என்ற கோப்பு வருவதைப் பிறகு கவனித்தோம். அதில் பூலியன் அன்சைன்டு கேர்தான். விண்டோஸ் வழக்கப்படி இன்ட்டாக இல்லாமல் அப்படி வைக்கிறோம் என்று ஒரு குறிப்பும், ஆர்பிசிஎன்டிஆர்.எச் முன்பே வந்துவிட்டதா என்று பார்க்கும் காவலும் அதில் உண்டு. அதாவது லிப்ஜேபெக்கின் ஆசிரியர்கள் இந்த மோதலை அறிந்து, விஷுவல் சி-யில் கட்டுபவருக்கு வழி செய்தே வைத்திருக்கிறார்கள். ஒரே விண்டோஸில், ஒரே 6பி-யை, இரண்டு கட்டும் முறைகளில் கட்டினால் இரண்டு வெவ்வேறு பைனரி ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. கோப்பின் பெயரும் பதிப்பு எண்ணும் ஒன்றுதான்.

இரு பக்கமும் நியாயம் உண்டு. லிப்ஜேபெக்கை எழுதிய இண்டிபெண்டன்ட் ஜேபெக் குரூப் தன் முதல் வெளியீட்டைக் கொண்டுவந்தது 1991-இல். 6பி வந்தது 1998 மார்ச்சில். சி மொழிக்கு, பூலியனுக்கான ஸ்டட்பூல், நிலையான அளவுள்ள எண்களுக்கான ஸ்டட்இன்ட் ஹெடர்கள் கிடைத்தது 1999-இன் தரத்தில். உண்மை, பொய் சொல்ல இன்ட்டைப் பயன்படுத்துவதே அந்தக் காலத்துச் சி வழக்கம். இன்ட்32 லாங்காக இருப்பதும் அப்படித்தான்: டாஸில் இன்ட் 16 பிட்டாக இருந்தது, 32 பிட்டாவது கிடைக்கும் என்ற உறுதி லாங்கிடம் மட்டுமே இருந்தது. விண்டோஸ் பக்கம் பார்த்தால், ஆர்பிசிஎன்டிஆர்.எச் என்பது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றின் செயற்கூற்றை அழைக்கும் ஏற்பாட்டுக்கான ஹெடர். கம்பி வழியாகப் போகும் தரவின் வடிவத்தை வகுத்த அந்த விதிகளில் பூலியன் என்றால் ஒரு பைட். அவர்களுக்கும் வேறு தேர்வு இல்லை. இரண்டு பேரும் முன்னொட்டு எதுவும் போடாமல் பூலியன் என்ற பொதுப்பெயரை எடுத்துக்கொண்டதுதான் இடித்தது. நாங்கள் பயன்படுத்திய ட்வெயின் ஹெடர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அதன் டைப்கள் பெரும்பாலும் டிடபிள்யூ_ என்று தொடங்கும், யாரோடும் மோதியதில்லை.

சோதனையை ஏமாற்றிப் பார்த்தோம்

எங்கள் குழுவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, மேக்ரோவை விட்டுட்டு உள்ளே இருக்கற ஃபங்ஷனையே நேரா கூப்பிட்டு, சைஸ்னு கேக்கற இடத்துல 464-ன்னு நாமே எழுதிக் குடுத்தா என்ன? மெமரியைக் கொஞ்சம் தாராளமா ஒதுக்கிட்டா போதாதா?"

இதுமாதிரி தீர்வு அனுபவசாலிகளின் நிரல்களிலும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வாயால் மறுக்காமல், "வாப்பா, செஞ்சே பாத்துடுவோம்" என்று அவனோடு உட்கார்ந்தேன். கட்டமைப்புக்கு 512 பைட் ஒதுக்கினோம், அளவு என்ற இடத்தில் 464 என்று நேரடியாக எழுதினோம். லைப்ரரி ஒத்துக்கொண்டது. படத்தின் தலைப்பைப் படித்தது. 1654க்கு 2339 என்று படத்தின் அகல உயரத்தைச் சரியாகவே சொன்னது. தம்பியின் முகம் மலர்ந்தது.

அடுத்து, பிரித்து முடித்த படம் எந்த அளவில் வெளிவரும் என்று சொல்லும் அவுட்புட்_விட்த், அவுட்புட்_ஹைட் இரண்டையும் அச்சிட்டோம். 1, 256. வேறொரு படத்தைக் கொடுத்தோம். மறுபடியும் 1, 256. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஒரு புள்ளி அகலம், 256 புள்ளி உயரம்.

தாளை மறுபடி எடுத்தோம். மூலப் படத்தின் அகலமும் உயரமும் கட்டமைப்பின் 28, 32 ஆம் பைட்டுகளில் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஒரே ஒரு பூலியன்தான் உண்டு. அதையடுத்து நிரப்பல் வருவதால் இரு பக்கக் கணக்கிலும் இடம் மாறவில்லை. ஆகவே அந்த எண்கள் சரியாக வந்தன. அதன் பிறகு பூலியன்கள் கூட்டமாக வரும் பகுதியில் இரு பக்கமும் பிரிகின்றன. அவுட்புட்_விட்த் லைப்ரரியின் கணக்கில் 112 ஆம் பைட்டில் இருக்கிறது, எங்கள் கணக்கில் 92-இல். லைப்ரரி 92-இல் வைத்திருப்பது டூ_பாஸ்_குவான்டைஸ் என்ற பூலியன், அதன் இயல்பு மதிப்பு உண்மை, அதாவது 1. எங்கள் கணக்கில் உயரம் இருக்கும் 96-இல் லைப்ரரி வைத்திருப்பது வண்ணங்களின் விரும்பிய எண்ணிக்கை, அதன் இயல்பு மதிப்பு 256. வண்ணத் தேர்வுக்கான அமைப்புகளை நாங்கள் அகலம், உயரம் என்று படித்துக்கொண்டிருந்தோம்.

தம்பி ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மொதல்ல சரியா காமிச்சதுதான் அண்ணா பயமா இருக்கு" என்றான். அவன் சொன்னது இந்த நிகழ்வின் மையம். கட்டமைப்பின் தலைப்பகுதி பொருந்தி, நடுப்பகுதியிலிருந்து நழுவுகிறது. மேலோட்டமான சோதனைகள் தலைப்பகுதியோடு நின்றுவிடும்.

அளவுச் சோதனை கவனிக்காத இன்னொரு வழியும் இருக்கிறது. கோப்புக்குப் பதிலாக நினைவகத்திலிருந்து படத்தைக் கொடுக்க விரும்புபவர், ஃபில்_இன்புட்_பஃபர் என்ற செயற்கூற்றைத் தானே எழுதி லைப்ரரியிடம் ஒப்படைப்பார். தரவு இன்னும் வரவில்லை என்றால் அது பொய் என்ற பூலியனைத் திருப்ப வேண்டும். அழைப்பவர் பக்கம் பூலியன் 1 பைட் என்றால் கம்பைலர், செயலியின் ஏஎல் என்ற 8 பிட் பதிவகத்தில் மட்டும் 0 வைக்கும். 4 பைட் என்று நம்பும் லைப்ரரி ஏஎல் அடங்கிய ஈஏஎக்ஸ் என்ற 32 பிட் பதிவகம் முழுவதையும் பார்க்கும். மேல் 24 பிட்டில் முந்தைய கணக்கின் மிச்சம் ஏதாவது கிடந்தால் பொய் உண்மையாகிவிடும். பிறகு லைப்ரரி இல்லாத தரவைப் படிக்கப் போகும். அந்த மேல் பிட்டுகள் தற்செயலாக 0 ஆக இருக்கும் கணினியில் எல்லாம் சரியாகவே ஓடும். இப்படிப்பட்ட பிழையை வாடிக்கையாளர் இடத்தில் தேடுவதை யாருக்கும் வரக்கூடாத துன்பம் என்றே நினைக்கிறேன்.

பார்க்க ஒன்று, உள்ளே வேறு

இன்ட்32-க்கும் பூலியனுக்கும் கம்பைலர் சொன்ன பிழை ஒரே எண், ஒரே வாசகம். நாங்கள் கொடுத்த மருந்தும் ஒரே வகை. முதலாவது பாதிப்பில்லாமல் போனது, இரண்டாவது படத்தையே மாற்றியது. 32 பிட் விண்டோஸில் இன்ட்32 இரு பக்கமும் 4 பைட். தவிர, 6பி-யின் ஜேபெக்லிப்.எச் கட்டமைப்புகளில் அது புலமாக வருவதும் இல்லை. அங்கே நடந்தது வெறும் பெயர்ச் சண்டை. பூலியனில் நடந்தது நினைவகத்தின் அமைப்பைப் பற்றிய சண்டை, அதுவும் 15 இடங்களில்.

அதனால் டைப் மோதல் வந்தால் நாங்கள் இப்போது எந்த மேக்ரோவைப் போட்டு அடைக்கலாம் என்று தேடத் தொடங்குவதில்லை. முதலில் கேட்பது இதுதான்: இந்த டைப், தனித்தனியாகக் கம்பைல் ஆன இரண்டு துண்டுகளுக்கு நடுவில் கைமாறுகிறதா? கட்டமைப்பின் புலமாகவோ, அளபுருவாகவோ, திருப்பும் மதிப்பாகவோ, கோப்பில் எழுதும் பதிவாகவோ? கைமாறுகிறது என்றால், ஹெடரைச் சேர்க்கும் கோப்பில் அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. லைப்ரரி கம்பைல் ஆனபோது எதுவாக இருந்ததோ அதுவாகத்தான் இருக்க வேண்டும். கம்பைலர் பிழையைச் சொல்லும்போது இரண்டு வரையறைகளும் அதன் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. ஒன்றை மறைத்துவிட்டால் அதற்குத் தெரிவது ஒன்றுதான். கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கருக்கோ சி-யில் பெயர் மட்டும்தான் தெரியும், டைப் தெரியாது. மோதல் தீர்ந்துவிடவில்லை, அதைப் பார்க்கக்கூடியவர் மட்டும் விலகிவிட்டார்.

கைவிட்ட வழிகளும் எடுத்த வழியும்

விண்டோஸ்.எச்-க்கு முன் வின்32_லீன்_அண்ட்_மீன் என்ற மேக்ரோவை வைத்தால் ஓஎல்இ (ஒரு நிரலின் பொருளை இன்னொன்றில் இணைக்கும் விண்டோஸ் ஏற்பாடு) தொடர்பான ஹெடர்கள் உள்ளே வருவதில்லை, அவற்றோடு வரும் ஆர்பிசிஎன்டிஆர்.எச்-உம் வருவதில்லை. பூலியன் மோதல் போய்விடும், பூலியன் இன்ட்டாகவே நிற்கும், 464 பொருந்தும். இரண்டு நாள் இதில்தான் இருந்தோம். ஆனால் நாளை யாராவது ஓஎல்இ தேவைப்பட்டு அந்த ஹெடரைத் தனியாகச் சேர்த்தால் பழைய பிழை திரும்ப வரும், பழைய மருந்தும் அதோடு வரும். ஹெடர்களின் வரிசையை நம்பிக் கட்டுவது மணலில் சுவர் வைப்பது போல.

இன்னொரு வழி பெயர் மாற்றம். ஜேபெக்லிப்.எச்-க்கு முன்னால் பூலியன் என்பதை ஜேபெக்_பூலியன் என்றும், இன்ட்32 என்பதை ஜேபெக்_இன்ட்32 என்றும் மேக்ரோவால் மாற்றிவிட்டு, ஹெடர் முடிந்ததும் அந்த மேக்ரோக்களை நீக்கிவிடுவது. இது நேர்மையான தந்திரம். லிப்ஜேபெக்கின் வரையறையை இது மறைப்பதில்லை, வேறு பெயரில் அப்படியே வைத்துக்கொள்கிறது. பூலியன் 4 பைட்டாகவே இருக்கும். இரண்டு ஹெடர்களும் ஒரே கோப்பில் இருந்தே தீர வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்கேனர் பகுதிக்கு ஜேபெக் கட்டமைப்பு எதற்கு? அதற்கு வேண்டியது புள்ளிகள், அகலம், உயரம். ஆகவே ஜேபெக்லிப்.எச்-ஐ ஒரே ஒரு சி கோப்புக்குள் அடைத்தோம். அந்தக் கோப்பில் விண்டோஸ்.எச் கிடையாது. வெளியே தெரியும் ஹெடரில் லிப்ஜேபெக்கின் பெயர் ஒன்றுகூட இல்லை. எங்கள் முன்னொட்டோடு தொடங்கும் நாலு செயற்கூறுகள், உள்ளே என்ன என்று சொல்லாத ஒரு பாயிண்டர், ஸ்டட்இன்ட் ஹெடரின் நிலையான அளவுள்ள எண்கள், உண்மை பொய்க்கு வெறும் இன்ட். விஷுவல் சி-யில் ஸ்டட்இன்ட் வந்தது 2010 பதிப்பில்தான். அதற்கு முந்தைய கம்பைலர் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்காக அந்த எண் டைப்களையும் எங்கள் முன்னொட்டோடு நாங்களே வரையறுத்துக் கொடுத்தோம். எக்ஸ்எம்டி_எச், ஹேவ்_பூலியன் என்ற இரண்டு பொய்களையும் எடுத்துவிட்டோம். அதே நேரத்தில் எரர்_எக்ஸிட்டையும் மாற்றி, செய்தியை எங்கள் பதிவேட்டில் எழுதி, அழைத்தவரிடமே திரும்பும்படி செய்தோம்.

இந்தப் பிரிப்பைச் செய்தபோது எங்கள் சொந்தத் தவறு ஒன்றும் வெளிவந்தது. ஜேபெக்லிப்.எச் மறைந்ததும், அதோடு தொடர்பே இல்லாத அட்டவணைக் கோப்புப் பகுதி கம்பைல் ஆக மறுத்தது. இன்ட்32 யாரென்று தெரியாது என்றது. யாரோ ஒருவர், நானாகவும் இருக்கலாம், எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அந்தப் பெயரை எங்கள் பதிவுக் கட்டமைப்பில் பயன்படுத்தியிருந்தார். பதிவொன்றுக்கு இரண்டு இன்ட்32. விண்டோஸில் அது 8 பைட். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட் என்பதால் லிப்ஜேபெக்கின் இன்ட்32 அங்கே 64 பிட், பதிவு 16 பைட். இன்ட்32 என்ற பெயரில் 64 பிட் எண். 32 பிட்டாவது இருக்க வேண்டும் என்பதுதான் லிப்ஜேபெக்கின் வாக்குறுதி, அதை அது மீறவில்லை. லினக்ஸில் உருவான அட்டவணையை விண்டோஸ் படித்தால் முதல் பதிவின் இரண்டாவது எண்ணிலிருந்தே எல்லாம் தவறும். ஒரு வாடிக்கையாளர் முன்பே புகார் சொல்லியிருந்தார். கோப்பு கெட்டிருக்கிறது என்று பதில் எழுதியிருந்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய அட்டவணையின் பதிவு நீளத்தைக் கண்டறிந்து மாற்றும் சிறு கருவியையும் அனுப்பினோம்.

லிப்ஜேபெக்கிலிருந்து பிறந்து வேகம் கூட்டப்பட்ட லிப்ஜேபெக்-டர்போ இதே சிக்கலை அணுகிய விதத்தை அப்போது படித்துப் பார்த்தேன். முதலில் காவல்கள் பெருகின: எக்ஸ்11-க்கு ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் பேஸ்டிஎஸ்டி.எச்-க்கு ஒன்று, மின்ஜிடபிள்யூவின் சற்றே மாறிய காவல் பெயருக்கு இன்னொன்று, ஜன்னல் நிரல்கள் எழுத உதவும் க்யூட்டின் ஹெடருக்கு மற்றொன்று. உலகத்தில் எத்தனை ஹெடர் உண்டோ அத்தனை காவல் வேண்டும் என்றால் அதற்கு முடிவில்லை. பிற்பாடு அவர்கள் ஜேலாங் என்று தங்களுக்கே உரிய ஒரு டைப்பை உள்வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இன்ட்32 இருபது ஆண்டுகளுக்கு மேல் பொது இடைமுகத்தில் இருந்துவிட்டதால் அதை நீக்க முடியாது, ஆனால் உள்ளே இனி அதைப் பயன்படுத்துவதில்லை என்று ஹெடரிலேயே வரலாற்றோடு எழுதி வைத்திருக்கிறார்கள். லைப்ரரி எழுதும் ஒவ்வொருவரும் அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பொது ஹெடரில் ஒரு தடவை வைத்துவிட்ட பெயரைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லும் இடம் எனக்கு வேறு தெரியாது.

காவலுக்கு வைத்த சோதனைகள்

டிஎல்எல்லும் ஹெடர்களும் இனி ஒரே கட்டலில் உருவாகி ஒரே பொதியாகத்தான் வரும். ஜேகான்ஃபிக்.எச் எங்கள் மூலநிரல் களஞ்சியத்தில் இருக்கவே கூடாது. அது கையால் எழுதும் கோப்பு அல்ல, அந்தக் குறிப்பிட்ட பைனரியின் பிறப்புச் சான்று.

சி கோப்புக்குள் ஒரு வரி: கட்டமைப்பின் அளவு எதிர்பார்த்த எண்ணாக இருந்தால் 1 நீளமும், இல்லையென்றால் மைனஸ் 1 நீளமும் கொண்ட ஒரு வரிசையை டைப்டெஃப் செய்வது. மைனஸ் நீளத்தை எந்தச் சி கம்பைலரும் ஏற்காது, கட்டல் அங்கேயே நிற்கும். சி11 இருக்கும் இடத்தில் அதே சோதனையைக் கம்பைல் நேரத்தில் செய்யும் ஸ்டேட்டிக் அசெர்ட். ஆனால் இது அழைப்பவர் பக்கத்தை மட்டுமே சரிபார்க்கும். டிஎல்எல் உண்மையில் என்ன நினைக்கிறது என்பது ஓட்டினால்தான் தெரியும். ஆகவே கட்டல் முடிந்ததும் ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. அது டீகம்ப்ரஸ் கட்டமைப்பை உருவாக்கி, அகலமும் உயரமும் வேறு வேறான ஒரு சிறு படத்தைப் பிரித்து, வெளியீட்டு அளவையும் நாலு மூலைப் புள்ளிகளின் நிறத்தையும் ஒப்பிட்டுவிட்டு முடிகிறது. தலைப்பில் கிடைக்கும் அகலத்தோடு திருப்திப்படக் கூடாது என்பதற்காகவே அந்த மூலைப் புள்ளிகள்.

டிரைவர்கள் 64 பிட்டுக்கு வந்த பிறகு எங்கள் விண்டோஸ் பதிப்பையும் மாற்றினோம். அளவை எழுதும் இடத்தில் என்ன எண் போடுவது என்று தம்பியிடம் கேட்டேன். அவன் ஓட்டிப் பார்க்காமல் முதலில் தாளை எடுத்தான். பாயிண்டர்களை 8 பைட்டாக்கி, நிரப்பல்களை மறுபடி கணக்கிட்டு, பூலியன் இன்ட் என்றால் 632, கேர் என்றால் 600 என்று எழுதிக் கொடுத்தான். வித்தியாசம் அங்கேயும் அதே 32. கம்பைலர் 632 என்றது.